முன்பல்லும் பின்பல்லும்

பட்டாளத்து லாரிக்கு மலை ஏறத் தெரியும், ஓடத் தெரியாது. கல்வராயன் மலையில் கரியாலூருக்கு மேலே, ஜீப்பே முக்கி முனகுகிற சேற்றுத் தடத்தில் கிழங்கு மூட்டைகளைச் சுமந்துகொண்டு சாவகாசமாக ஊர்ந்து வந்துவிடும். கச்சிராயபாளையம் தாண்டித் தார் ரோட்டுக்கு வந்ததும்தான் வெட்கக்கேடு. கரும்பு டிராக்டர் முந்தும், பள்ளிக்கூட வேன் முந்தும். டவுன் பஸ்காரன் பக்கத்தில் வந்து, "இன்னாப்பா, எறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போவான். இன்ஜின் சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும்.

ராஜாங்கத்துக்கு அது பெரிய கௌரவக் குறைச்சலாக இருந்தது. சங்கராபுரம் பக்கத்து நிலக்காரர் அவர். ராணுவம் கழித்துவிட்ட லாரியை ஏலத்தில் எடுத்து, மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கை இறக்கிச் சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிடுங்கின கிழங்கு யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு பொழுது தாண்டினால் நடுவில் கருநீலக் கோடு விழும், பால் வற்றும். ஆலைக்காரன் ஒன்றை ஒடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். அப்படி இரண்டு லோடு திரும்பி வந்த பிறகுதான் அவர் கள்ளக்குறிச்சியில் தியாகதுருகம் ரோட்டில் இருந்த பக்கீர் முகமதுவின் பட்டறைக்கு வந்து நின்றார்.

"பாய், இது வண்டியில்ல, எரும. இத்த ஓட வெக்க வழி இருக்குதா, இல்ல எடைக்குப் போட்டுடட்டுமா?"

"நாலு ஹப்பயும் தொறந்து பல்லு மாத்தணும் மொதலாளி. இழுவ கொஞ்சம் கம்மியாவும், ஓட்டம் வரும்."

"மாத்து."

அந்த மாதிரி லாரிகளுக்கு நாலு சக்கரத்தின் நடுவயிற்றிலும், ஹப்புக்குள்ளே, பல்சக்கரங்கள் உண்டு. இன்ஜின் தலைதெறிக்கச் சுற்றினாலும் சக்கரத்தைச் சோம்பலாகச் சுற்ற வைப்பது அவைதான். இழுவை அதனால் வருகிறது, வேகம் அதனால்தான் போகிறது. வேறு கணக்கில் பல் வெட்டின சக்கரங்களைப் போட்டால் அதே லாரி தார் ரோட்டில் மற்ற வண்டிகளோடு வண்டியாக ஓடும். ஆனால் அந்தப் பல்சக்கரங்கள் கடையில் தொங்குகிற சாமான் இல்லை. சேலத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில் பக்கீர் சொல்லி வைத்திருந்தார். முதலில் பின்சக்கரங்களுக்கு உண்டான ஜோடிதான் கிடைத்தது.

முன்னால் பட்டறை, பின்னால் வீடு. நடுவில் ஒரு தகரக் கதவு. பக்கீரின் மனைவி அஸ்ரப் நிஷா அந்தக் கதவு வழியாகத்தான் இருபது வருஷத்துக் குடித்தனத்தையும் நடத்தினாள். கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த அந்த வாரம் பட்டறை முழுக்க ஹப் எண்ணெயின் கருகல் நாற்றம். மரக்கட்டைகளின் மேல் லாரியின் பின்பாகத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பழைய எண்ணெய் கறுத்த பாகு மாதிரி சட்டியில் இறங்கியது. துருப்பிடித்த போல்ட்டுக்கு டீசல் ஊற்றி ஊற வைத்து, பித்தளைக் கட்டையை வைத்துத் தட்டி, ஒவ்வொரு பல்சக்கரமாக எடுத்துச் சாக்கில் பரப்பினார்கள். புதுசு போட்டு, மூடி, கையால் சுற்றிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, மறுபடி கழற்றிப் போட்டார்கள். சாப்பிடக் கூப்பிட்டால், "கையெல்லாம் எண்ணெ, நீயே பெசஞ்சி உருண்டையா குடு" என்பார் பக்கீர். அவளும் திட்டிக்கொண்டே கொடுப்பாள்.

பட்டறைப் பேச்சு அவளுக்கு அத்துப்படி. இந்த லாரிகளில் பின்சக்கரங்கள் எப்போதும் இழுக்கும். சேற்றில் சிக்கினால் முன்சக்கரங்களையும் இழுக்க வைக்க டிரைவர் காலடியில் ஒரு குட்டை லிவர் இருக்கும். அதை இழுப்பதைப் பட்டறையில் 'முன்ன போடறது' என்பார்கள். டிரைவர்கள் அதையே குட்டி கியர் என்பார்கள். ஒரே சாமானுக்கு இரண்டு பெயர். அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் அதுவரை வந்ததில்லை.

வியாழக்கிழமை பின்சக்கரங்கள் இரண்டும் முடிந்தன. முன்சக்கர ஜோடி வந்துவிட்டது என்று அன்றைக்கே சேலத்திலிருந்து போன் வந்தது. அதை வேறு யாரோகூடக் கேட்கிறார்களாம். பக்கீர் மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறிவிட்டார். வெள்ளிக்கிழமை ஆனதால் பட்டறையில் ஆளும் இல்லை. இன்ஜினின் இழுவையை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஷாஃப்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தால், யார் எந்த லிவரை இழுத்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நாலு போல்ட்டு வேலை. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார். வேலை தெரிந்தவனுக்கு வருகிற அசட்டை அது.

அஸ்ரப் நிஷா தால்ச்சாவுக்குச் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ராஜாங்கம் தகரக் கதவைத் தட்டினார். கூட அவருடைய டிரைவர் சிவசங்கர், முப்பது வயதுகூட ஆகாதவன். லாரி பட்டறையில் கிடந்த நாளெல்லாம் அவ்வப்போது வந்து ஒரு ஓரமாகக் குந்தியிருந்து, "எங்கண்ணு எப்ப எழுந்து நடக்கும் பாய்?" என்று கேட்டுவிட்டுப் போவான். அவன் கண்ணு என்றது லாரியை.

"ஏம்மா, பாய் எங்க?"

"சேலம் போயிருக்காருங்க. முன்சக்கரத்துக்குச் சாமான் வாங்க."

"பின்னால முடிஞ்சிடிச்சா?"

"அது முடிஞ்சிடிச்சிங்க."

"அப்ப வண்டி ஓடுமில்ல? மலையில கெழங்க புடுங்கிப் போட்டுட்டு மழயில குந்திக்கினு இருக்கறாங்க. ஒரே ஒரு நட. கொண்டாந்து இங்கயே வுட்டுடறன். சாவியக் குடு."

"அவர ஒரு வார்த்த கேக்காம எப்படிங்க?"

"கேளு, யாரு வாணாம்னது?"

அவள் போன் போட்டாள். பஸ் சத்தத்துக்கு நடுவில் பக்கீரின் குரல் விட்டுவிட்டு வந்தது. முதலில் வேண்டாம் என்றார். ராஜாங்கம் போனை வாங்கி, அழுகப்போகும் கிழங்கைப் பற்றியும், ஊரில் வேறு பட்டறையே இல்லையா என்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசினார். போன் திரும்பவும் அஸ்ரப் நிஷா கைக்கு வந்தபோது பக்கீர் இறங்கி வந்திருந்தார்.

"சரி, குடுத்துடு. ஆனா முன்ன மட்டும் போட வாணாம்னு சொல்லு. பின்னாலதான் வேல முடிஞ்சிருக்குது, முன்னால முடியல. ஞாபகமா சொல்லிடு நிஷா."

ராஜாங்கம் அதற்குள் தன் காரில் ஏறிவிட்டார். சிவசங்கர் சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"தம்பி, முன்ன மட்டும் போட வாணாம்னு சொன்னாரு."

"ஏனாம்க்கா?"

"பின்னாலதான் வேல முடிஞ்சிருக்குதாம். முன்னால இன்னும் முடியலயாம்."

அவன் லாரியை ஒரு பார்வை பார்த்துத் தலையை ஆட்டினான். "சரிக்கா. பின்னாலயே போட்டுக்கறன்."

"மறந்துடாதப்பா."

"எப்படிக்கா மறப்பன்? உசுரு சமாசாரமாச்சே" என்று சிரித்தான். லாரி பழைய முக்கலும் முனகலும் இல்லாமல் தார் ரோட்டில் ஏறிப் போனது. கல்யாண வீட்டுக்குப் போகிறவன் போல அவன் ஒருமுறை ஹாரன் அடித்தான். அஸ்ரப் நிஷாவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. புருஷன் கைவேலை ஓடிப்போவதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது?

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. கள்ளக்குறிச்சியிலேயே சாக்கடை ரோட்டுக்கு வந்துவிட்டதென்றால் மலையில் எப்படி இருக்கும் என்று அவள் ஒருமுறை நினைத்தாள். பிறகு தால்ச்சா ஆறிப்போகிறதே என்று நினைத்தாள். அசர் பாங்கு கேட்டுத் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டும்போது போன் அடித்தது. ராஜாங்கம்.

"வண்டி எறக்கத்துல உருண்டுடிச்சிம்மா. புளியமரத்து வளைவுல. பாய ஒடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு."

"ஐயோ, தம்பிக்கு ஒண்ணும் ஆவலயே?"

அவர் போனை வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரமும் பினாயில் நாற்றமுமாகக் கூட்டம் நெரிந்தது. ஆம்புலன்ஸ் கோமுகி அணையைத் தாண்டுவதற்குள்ளேயே சிவசங்கர் போய்விட்டான் என்று சொன்னார்கள். லாரியில் கூட வந்த ஒரே ஆள் பிழைத்திருந்தாள். செல்லியம்மாள் என்ற மலைக்காரி. பாதி லோடு அவளுடைய கிழங்கு. ஒரு கையில் மாவுக்கட்டுப் போட்டு, நெற்றியில் உண்ணிச்செடி முள் கிழித்த கோடுகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அஸ்ரப் நிஷா பக்கத்துக் கடையில் டீ வாங்கிவந்து கொடுத்து, அவள் குடிக்கும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா ஆச்சி?"

"அந்தப் புள்ள மேல தப்பு சொன்னா வாயி அழுகிடும்மா. நான் முன்னாலதான் அது பக்கத்துல குந்திக்கினு வந்தன். மூட்ட ஏத்தறப்பவே சொல்லிச்சி. பட்டற அக்கா முன்னால போட வாணாம்னு சொல்லியிருக்காங்க, எல்லாத்தயும் பின்னாலயே அடுக்குங்கன்னு."

அஸ்ரப் நிஷா டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டாள்.

"எங்க ஆளுங்க கூட கேட்டாங்க. இன்னாப்பா, பின்னால பாரம் அமுக்குது, முன்னால காலியா கெடக்குதேன்னு. இல்ல, பின்னாலதான் வேல பாத்து கெட்டி பண்ணியிருக்குது, முன்பக்கம் பாரம் தாங்காதுன்னு சொல்லிச்சி. ஒரு மூட்ட தவறி முன்னால வுழுந்துச்சின்னு அத்தக் கூட தானே தூக்கிப் பின்னால போட்டுச்சிம்மா."

"அப்பறம்?"

"எறங்கறப்ப ரோடெல்லாம் சேறு. எப்பவும் போல குட்டி கியரப் போட்டுச்சி. போட்டதும் வண்டி ஒரு மாதிரி திமிறிச்சி. ஸ்டேரிங்க ஒடிச்சி ஒடிச்சிப் பாக்குது. சக்கரம் திரும்புது, வண்டி திரும்பல. நேராப் போயிடிச்சி. குதிச்சிடு ஆயான்னு என்னத் தள்ளிவுட்டுடிச்சி. அது குதிக்கல."

அஸ்ரப் நிஷா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் 'முன்ன' என்று சொன்னது லிவரை. அவன் 'முன்ன' என்று கேட்டது மூட்டையை. பின்னாலயே போட்டுக்கறன் என்று அவன் சொன்னபோது, சரியாகப் புரிந்துகொண்டான் பிள்ளை என்று இவள் நிம்மதியாக உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள். குட்டி கியர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் உயிரோடு இருப்பான். அந்த வார்த்தையும் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தன் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது.

பக்கீர் சேலத்திலிருந்து நேராக அங்கே வந்தார். தோளில் சாக்கு, உள்ளே முன்சக்கரத்துக்கான பல்சக்கரங்கள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை அந்தச் சாக்கைச் சுமந்துகொண்டே நின்றார். செல்லியம்மாள் சொன்னதை அஸ்ரப் நிஷா சொன்னபோது அவர் முகம் சாம்பலாகிப் போனது. ராஜாங்கம் இருவரையும் தூண் மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"பாய், நடந்தது நடந்து போச்சி. போலீஸ்ல கேட்டாங்க, டிரைவர் குடிச்சிருந்தான்னு சொல்லிட்டன். நீயும் அதையே சொல்லு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அவன் குடிக்க மாட்டானே மொதலாளி."

"கள்ளக்குறிச்சிக்காரன் குடிச்சான்னு சொன்னா ஒலகத்துல எவன் நம்ப மாட்டான்? ரத்த ரிப்போர்ட்டு வர்றதுக்குள்ள ஊரு மறந்துடும்."

பக்கீர் வாயைத் திறக்கவில்லை. அது அவர் சம்மதம் சொல்கிற விதம் என்று அஸ்ரப் நிஷாவுக்குத் தெரியும்.

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. விடிந்ததும் பக்கீர் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவள் தகரக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போறீங்க?"

"மலைக்கு. லிவர் போட்டது போட்டபடி நிக்குதாம். வண்டிய சோதன பண்ண இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள லிவரப் பழயபடி தள்ளிவுட்டுடணும். இல்லங்காட்டி முன்ஹப்ப தொறக்கச் சொல்லுவாரு."

"தொறக்கட்டுமே."

"தொறந்தா முன்ன ஒரு பல்லு, பின்ன ஒரு பல்லு. பாதி வேலயில வண்டிய வெளிய வுட்டவன் எவன்னு கேப்பாங்க. பட்டறைய பூட்டுவாங்க, என்ன உள்ள வெப்பாங்க. அது உனக்கு சம்மதமா?"

"ஒரு உசுரு போயிருக்குதுங்க. குடிகாரப் பட்டம் வேற கட்டணுமா அதுக்கு? அல்லாவுக்குப் பொறுக்குமா?"

"எனக்கு மட்டும் நெஞ்சு இல்லையா?" அவர் குரல் உடைந்தது. "நாலு போல்ட்டு நிஷா. நாலு போல்ட்டக் கழட்டியிருந்தா போதும். ராத்திரி பூரா மனசுல அதத்தான் கழட்டிக்கினு கெடந்தன்."

"அப்ப அத்தப் போயி சொல்லுங்க."

அவர் ஸ்பேனர் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு, "நான் சொல்லச் சொன்னன். வார்த்தய வுட்டது நீ" என்றார்.

சொன்ன உடனே அவருக்கே அது தாங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அவள் விலகி நின்றாள். ஸ்பேனர்கள் பெட்டிக்குள் கலகலக்க அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனார். அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கம் போகிற ஷேர் ஆட்டோவைக் கை காட்டினாள்.

ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் சிவசங்கரின் சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். கிழவிகள் ஒப்பாரியை ஆரம்பிப்பதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். அவன் பெண்டாட்டி செந்தமிழ்ச்செல்வி மட்டும் தனியாக, கால் நீட்டி, காய்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்து முகம் பார்த்து ஆள் அடையாளம் சொல்லச் சொல்லி ஊழியர் ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

"அவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டன். எவனாவது பாத்துச் சொல்லுங்க. கொண்டுபோயி கொளுத்துங்க."

"அப்படிச் சொல்லாதடி, செத்தவன்" என்றாள் ஒரு கிழவி.

"எங்கண்ணன் அந்த வெஷச்சாராயத்துலதான் போனான். அத்தக் கண்ணால பாத்தவன் இவன். புள்ள தலயில அடிச்சி சத்தியம் பண்ணான், அந்தப் பக்கமே போ மாட்டன்னு. குடிச்சிட்டு மலையிலேர்ந்து வண்டிய வுட்டிருக்கறான் பாரு, அந்த நாயிக்கு நான் அழுவணுமா?"

அஸ்ரப் நிஷா அவள் முன்னால் போய் மண்ணில் உட்கார்ந்தாள். கிழவிகளின் ஒப்பாரி நின்றது.

"நான் பட்டற பாய் வூடும்மா. உன் வூட்டுக்காரரு குடிக்கல."

செல்வி அவளை வெறித்துப் பார்த்தாள். "மொதலாளியே சொன்னாரு."

"பொய்யி. நான் ஒரு வார்த்த சொன்னன். அது அவருக்கு வேற மாதிரி கேட்டிடிச்சி. முன்ன போட வாணாம்னு சொன்னன்."

"முன்னன்னா இன்னாது?"

கேட்டவள் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். ஊரில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள் என்பது அஸ்ரப் நிஷாவின் நெஞ்சில் உதைத்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பின்சக்கரத்தில் புதுப் பல், முன்சக்கரத்தில் பழைய பல் என்று சொன்னாள். ரெண்டு பேர் இடுப்பிலும் ஒரே கயிற்றைக் கட்டி, முன்னால் போகிறவனை நடக்கவிட்டு, பின்னால் வருகிறவனை ஓடவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆச்சு என்று சொன்னாள். புருஷன் கழற்றாமல் விட்ட ஷாஃப்டையும் சொன்னாள்.  

"குட்டி கியர்னு சொல்லாம முன்னன்னு சொல்லிட்டன். மூட்டயத்தான் சொல்றன்னு நெனச்சி ஒரு மூட்ட கூட முன்னால போடாம, நான் சொன்னத அப்படியே கேட்டுக்கினாரும்மா. கூட வந்த பொம்பளய தள்ளிக் காப்பாத்தியிருக்காரு. வேணும்னா அவங்களக் கேளு, மேல வார்டுல இருக்கறாங்க."

செல்வி நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.

"அப்ப அவரு குடிக்கல."

"இல்லம்மா."

"சத்தியத்த மீறல அவரு."

"மீறல."

அவன் என்று பேசிக்கொண்டிருந்தவள் அவர் என்று சொல்லிவிட்டாள். அதோடு அவளுக்குள் ஏதோ அறுந்தது. "ஐயோ எஞ்சாமீ, உன்ன நாயின்னு சொல்லிட்டனே" என்று அவள் வைத்த குரலில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையில் அடித்துக்கொண்டு எழுந்து பிணவறைக்குள் ஓடினாள். கிழவிகள் பின்னாலேயே ஓடினார்கள். உள்ளேயிருந்து அவள் அழுகை வெளியே வந்துகொண்டே இருந்தது. அஸ்ரப் நிஷா இருந்த இடத்திலேயே மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடிக்க வருவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அடித்திருந்தால் தேவலை.

வெளியே வந்தபோது செல்விக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. நேராக வந்து அஸ்ரப் நிஷாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்கிட்ட சொன்னது பத்தாதுக்கா. அங்கயும் வந்து சொல்லு."

ஆஸ்பத்திரி நுழைவாயிலுக்குப் பக்கத்தில் சின்ன அறை ஒன்றில் போலீஸ்காரர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். போகிற வழியில் அஸ்ரப் நிஷாவின் போன் அடித்தது. பக்கீர். மலை பஸ்ஸில் ஏறியிருப்பார், இல்லை இன்னும் ஏறாமல் நிற்கிறாரோ என்னவோ. எடுத்தால் அந்தக் குரலுக்கு மனசு இளகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அடித்து ஓயும்வரை போனை நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டாள். செல்வி பிடியைத் தளர்த்தவில்லை.

"இன்னாம்மா?" என்றார் போலீஸ்காரர்.

"நேத்து உருண்ட லாரியப் பத்தி சொல்லணும் சார். டிரைவர் குடிக்கல. வண்டியிலதான் கோளாறு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவை எடுத்தார். "உம் பேரு?"

"அஸ்ரப் நிஷா."

"வண்டியில கோளாறுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ யாரு?"



"பட்டற பக்கீர் முகமதுவோட சம்சாரம்" என்றாள்.